நவராத்திரிக்கு மைசூரா, திருவனந்தபுரமா?

இரண்டு ஊர்களின் நவராத்திரிக்கும் போய் வந்துவிட்டேன். இந்த ஆண்டு மறுபடியும் எங்கே என்று வீட்டில் கேட்டபோது, சற்றும் யோசிக்காமல் திருவனந்தபுரம் என்றேன். தங்கை மைசூர்தான் என்று நின்றாள். அவளுக்குச் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மைசூரின் சிறப்பு ஊரறிந்தது. 1610-இல் மைசூர் அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய தசரா, ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகளில் ஒளிரும் அரண்மனை, விஜயதசமியன்று 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில் சாமுண்டீசுவரியைச் சுமந்து வரும் யானை. அரண்மனைச் சமையற்கூடத்தில் காகாசுர மாதப்பா கிண்டிய மைசூர்பாகை அவர் வழிவந்தவர்களின் கடையில் இன்றும் வாங்கலாம். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தபோது கூட்டத்தோடு சேர்ந்து நானும் கூவினேன்.

என் மனம் வேறு பக்கம் சாய்ந்தது ஒரே ஒரு விஷயத்தால். அரச குடும்பம் எதைக் காத்து வருகிறதோ, அதற்கு எவ்வளவு பக்கத்தில் நம்மால் போக முடிகிறது?

மைசூரில் நடப்பது இரண்டு தசரா. ஒன்று கர்நாடக அரசு நடத்தும் ஊர்த் திருவிழா. மற்றொன்று அரண்மனைக்குள் உடையார் குடும்பம் நடத்துவது. பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கும் தங்கச் சிம்மாசனத்தை நவராத்திரிக்கு முன்பு எடுத்துப் பூட்டுகிறார்கள்; பிறகு அதற்குச் சிம்மத்தைப் பொருத்துகிறார்கள். 2015-இல் பட்டமேற்ற யதுவீர் கிருஷ்ணதத்த சாமராஜ உடையார் கையில் கங்கணம் கட்டிக்கொண்டு தர்பார் நடத்துகிறார். விஜயதசமி காலையில் ஜெட்டிகள் எனப்படும் பரம்பரை மல்லர்கள் தலையை மழித்து, விரல்களில் வஜ்ரமுஷ்டி என்ற கூர்முனை ஆயுதத்தை மாட்டிக்கொண்டு மோதுகிறார்கள். முதல் துளி இரத்தம் தெரிந்ததும் சண்டை முடிகிறது. நான் காண விரும்பியது இவற்றைத்தான். ஆனால் இவை அழைக்கப்பட்டவர்களுக்கு உரியவை. நான் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஜெட்டிகளை அன்று மாலை விடுதியில் தொலைக்காட்சியில் பார்த்தேன். அது அந்தக் குடும்பத்தின் வீட்டுச் சடங்கு, கதவைச் சாத்திக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் அவ்வளவு தூரம் போனவனுக்கு வாய்த்தது ஊர்வலம் மட்டுமே.

திருவனந்தபுரத்தில் அந்தக் கதவு திறந்திருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி, குதிரை மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கிறது நவராத்திரி மண்டபம். ஒன்பது மாலைகளும் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும் கச்சேரி. டிக்கெட் கிடையாது. ஒவ்வொரு நாளுக்கும் திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாளின் ஒரு கீர்த்தனை என்று வகுத்திருக்கிறார்கள்: முதல் நாள் சங்கராபரண ராகத்தில் ‘தேவி ஜகஜ்ஜனனி’, ஒன்பதாம் நாள் ஆரபியில் ‘பாஹி பர்வத நந்தினி’. 33 வயதில் மறைந்த ஓர் அரசரின் பாடல்களை அவர் குடும்பத்தார் அவர் வகுத்த வரிசையிலேயே இன்றும் பாடச் செய்கிறார்கள். பாடகர் நம்மைப் பார்த்து அமர்வதில்லை, மண்டபத்தில் எழுந்தருளியிருக்கும் சரஸ்வதியைப் பார்த்து அமர்கிறார். மண்டபத்தில் மண்குடங்களைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பது ஒலிக்காக என்கிறார்கள்.

நான் போனது நான்காம் நாள். தோடியில் ‘பாரதி மாமவ’. ராகத்தைத் தாள வட்டமின்றி லயத்தோடு விரிக்கும் தானத்தைப் பாடத் தொடங்கியதும் மிருதங்கமும் உடன் சேர்ந்துகொண்டது. சபாக்களில் தானத்துக்கு மிருதங்கம் வாசித்துக் கேட்டதில்லை என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்த இடத்தில் என் கைகள் தாமாகவே தட்ட எழுந்தன. பக்கத்திலிருந்த பெரியவர் என் மணிக்கட்டைத் தொட்டு மெல்லத் தாழ்த்தினார். இங்கே கை தட்டுவதில்லை. பாட்டு நின்ற பிறகு விளக்கின் திரி படபடப்பது வரை கேட்டது. மறுநாள் பைரவிக்காகத் தங்கிவிட்டேன், ஊர் திரும்ப எடுத்திருந்த பஸ் டிக்கெட் வீணாயிற்று.

நமக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. அந்தச் சரஸ்வதி இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்தில். கம்பர் வழிபட்டுச் சேர மன்னரிடம் ஒப்படைத்த திருவுருவம் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆண்டுதோறும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வரச் சரஸ்வதி அங்கிருந்து திருவனந்தபுரத்து மண்டபத்துக்குப் புறப்படுகிறாள். பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுத்த பிறகே ஊர்வலம் நகரும். தமிழ்நாட்டுக் காவலர்களும் கேரளக் காவலர்களும் மரியாதை செய்ய, களியக்காவிளையில் எல்லையைக் கடக்கிறார்கள். 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோதும் இந்த வழக்கம் அறுபடவில்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. இதே மண்டபத்தில் 2006 வரை ஒரு பெண்ணும் பாடியதில்லை. அந்த ஆண்டில் பாறசாலை பொன்னம்மாள் எண்பது வயதைக் கடந்த நிலையில் அமர்ந்து பாடிய பிறகே அந்த வழக்கம் மாறியது. அவருடைய குரலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மரபைக் காப்பது என்பதில் இப்படி ஒரு கதவைத் திறப்பதும் சேரும்.

நான் கேட்டது இரண்டு மாலைகள்தான். கடைசி மூன்று நாள்களின் நெரிசலைப் பற்றி என் அனுபவத்திலிருந்து எதுவும் சொல்ல முடியாது. மைசூரிலும் கடைசி இரண்டு நாள்களே இருந்தேன். முதல் வாரத்தில் அரண்மனை முன் நடக்கும் இசை நிகழ்ச்சிகளைக் கேட்டிருந்தால் இவ்வளவு தீர்மானமாக எழுதியிருப்பேனா தெரியவில்லை. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் மைசூருக்கே போகலாம். இரண்டரை மணி நேரம் ஓசையின்றி உட்கார அவர்களால் ஆகாது, யானையோ அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும். தங்கையின் மகனுக்கு ஆறு வயது. அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

ஆகவே அவர்கள் மைசூருக்கு, நானும் அம்மாவும் தெற்கே. முதலில் பத்மநாபபுரத்தை அடுத்த தக்கலையில் இறங்கி, உடைவாள் கைமாறுவதைப் பார்க்க வேண்டும். ஆண்கள் மண்டபத்துக்குள் வேட்டியோடு, சட்டையில்லாமல்தான் போக வேண்டும் என்பதால் வேட்டியை இப்போதே துவைத்து மடித்துவிட்டேன். அம்மா ஆரபியை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள்.