எம்.எஸ். அம்மா கையெழுத்து என்று 38,500 ரூபாய் போனது: பழைய இசைத்தட்டு வாங்குபவர்களே, உஷார்

பார்சல் வந்து இன்றோடு 12 நாள். பணம் திரும்பாது என்பது நேற்று மாலை உறுதியாகிவிட்டது. மொத்தம் 38,500 ரூபாய். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று நாமே விட்டுவிடுவோம், இந்த ஆட்கள் பிழைப்பதே அதை நம்பித்தான். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

பழைய பொருட்களை யார் வேண்டுமானாலும் படம் பிடித்துப் போட்டு விற்கக்கூடிய ஒரு செயலி. பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். அதில் எம்.எஸ். சுப்புலட்சுமி ரசிகர்களுக்கென்றே குறிவைத்தது போல ஒரு விளம்பரம். வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு), உறையின் முன்பக்கம் அம்மாவின் கையெழுத்து, கீழே 1966 தேதி: 27,000 ரூபாய். மீரா படப் பாட்டு என்று இரண்டு 78 ஆர்.பி.எம். தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு): 13,000. கூரியர் 500. ஆக 40,500. அது எப்படி 38,500 ஆனது என்பதில்தான் தூண்டில் இருந்தது, அதற்கு வருகிறேன்.

சுப்ரபாதம் எல்.பி. அரிய பொருளே இல்லை. ஹெச்.எம்.வி. 1963-ல் வெளியிட்டது, மறுபடி மறுபடி அச்சிட்டு விற்ற தட்டு. பரணைத் துழாவினால் இன்றும் பல வீடுகளில் கிடைக்கும். அதை 'ரேர்' என்று எவனாவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். இங்கே விலை தட்டுக்கு அல்ல, கையெழுத்துக்கும் தேதிக்கும். 1966 அக்டோபர் 23-ல் அம்மா ஐ.நா. சபையில் பாடினார். அந்தப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு நடந்த கச்சேரியில் போட்டுக்கொடுத்த கையெழுத்து என்பது விற்பவரின் கதை. அவர் தாத்தா ஒரு சபாவில் மைக் செட் பார்த்தவராம். கச்சேரி அழைப்பிதழையும் பத்திரமாக வைத்திருந்தாராம், அதுவும் கூடவே வருமாம்.

கதைக்காக யாரும் 27,000 கொடுப்பதில்லை. நம்பிக்கை வந்தது வேறு இடத்தில். 78 தட்டின் மேல் பூஞ்சை மாதிரி வெள்ளைத் திட்டு தெரிகிறதே, துடைத்துவிட்டு இன்னொரு படம் அனுப்ப முடியுமா என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "சார், ஸ்பிரிட் மட்டும் போடச் சொல்லாதீங்க. இது அரக்கு. கரைஞ்சிடும். வெறும் தண்ணியில மெத்துனு துணி, லேபிள் நனையாம." நூற்றுக்கு நூறு சரியான பதில். வினைல் எல்.பி.யைத் துடைக்க நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பரவாயில்லை. 78-ன் மேல் அதே திரவம் பட்டால் அரக்கு கரைந்து, பாட்டு பதிந்திருக்கும் பள்ளமே போய்விடும். சும்மா விற்க வந்தவனுக்கு இது தெரியாது. அடுத்து, "78-க்கு 3 மில் ஊசி மாத்திட்டுத்தான் ஓட்டிக் காட்டுறேன்" என்றார். அதுவும் சரி. மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்.பி. ஊசியின் முனை 1 மில்லுக்கும் குறைவு, அது 78-ன் அகலமான பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலை மட்டும்தான் பொறுக்கும். இந்த இரண்டு பதிலில் ஆள் விழுந்தாச்சு. விஷயம் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று யார் சொன்னது? விஷயம் தெரிந்தவனால்தான் இப்படி ஏமாற்ற முடியும்.

பிறகு வந்தது அந்த இரண்டாயிரம். "ஆப்ல கட்டினா அவங்க கமிஷன் பிடிப்பாங்க சார். நேரா யூபிஐ-ல போடுங்க, ரெண்டாயிரம் குறைச்சுக்கறேன்." 38,500 ரூபாய், ஒரே தட்டில் போனது.

ஐந்தாம் நாள் பார்சல். அட்டைப் பெட்டிக்குள் ஒரே ஒரு சுற்று செய்தித்தாள். அதற்குள் மூன்று தட்டும் ஒன்றன்மேல் ஒன்று.

முதல் 78 மூன்று துண்டு. கூரியரில் உடைந்தது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும், 78 பீங்கான் தட்டு மாதிரி, கீழே வைக்கும்போதே உடையக்கூடியது. ஆனால் உடைந்த விளிம்பைப் பாருங்கள். அரக்குத் தட்டு புதிதாக உடைந்தால் உட்புறம் சுத்தமாக, கருகருவென்று இருக்கும். இதன் விளிம்பில் சாம்பல் நிற அழுக்கு, அதன்மேல் கண்ணாடி மணிபோல் அங்கங்கே காய்ந்த பசை. எப்போதோ உடைந்ததை உடனடிப் பசையால் ஒட்டி, படம் பிடித்து, அனுப்பியிருக்கிறார்கள். வழியில் விட்டது பசை.

அப்படியென்றால் ஓட்டிக் காட்டிய வீடியோ? திரும்பப் போட்டுப் பார்த்தால் பூசணிக்காய் சோற்றில் மறையவே இல்லை. விரிசல் உள்ள தட்டை ஓட்டினால் ஊசி விரிசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் 'டக்' கேட்கும். நிமிடத்துக்கு 78 சுற்று, அதாவது விரிசல் ஒன்றே ஒன்று என்றாலும் நிமிடத்துக்கு 78 டக், மாறாத தாளத்தில். வீடியோவில் தட்டு சுற்றுகிறது, வெளிச்சத்தில் விரிசல் கோடு கூட மினுங்கிவிட்டுப் போகிறது, ஒலியோ வழுவழுவென்று இருக்கிறது. வேறெங்கோ எடுத்த பாட்டை மேலே ஒட்டியிருக்கிறார். அன்றைக்கே காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேட்டிருந்தால் 38,500 கையில் இருந்திருக்கும்.

இரண்டாவது 78 முழுசாக வந்தது. ஓட்டினால் நாதஸ்வரம். நல்ல வாசிப்பு, அது வேறு விஷயம். லேபிளில் எம்.எஸ். பெயர், ஹெச்.எம்.வி.யின் நாய்ப் படம் எல்லாம் உண்டு. நகத்தை விளிம்பில் வைத்து நெம்பினால் லேபிள் எழும்பி வருகிறது, அடியில் இன்னொரு லேபிள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இசைத்தட்டு லேபிளைப் பிறகு ஒட்டுவதில்லை. தட்டை அச்சில் வைத்துச் சூடாக அழுத்தும்போதே காகிதமும் சேர்ந்து பதிந்துவிடும். விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது, விளிம்பு எழும்பவே கூடாது. பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு நடுவில் உள்ள வெற்று வளையத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். லேபிளில் அச்சான எண்களோடு அது பொருந்த வேண்டும். இதில் எழுத்துகூட ஒட்டவில்லை.

இப்போது 27,000 ரூபாய்க் கையெழுத்து. உறை பழையதுதான், போலி இல்லை. ஆனால் பின்பக்க அடி ஓரத்தில், பொடி எழுத்தில், அச்சகத்தின் முகவரி: ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஆறு இலக்கப் பின்கோடு. இந்தியாவில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முன் 'சென்னை-14' என்பது போல மண்டல எண்தான் போடுவார்கள். 1972-க்குப் பிறகு அச்சடித்த உறையில் 1966-ல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அவர் அனுப்பிய எல்லாப் படங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். பின்பக்கப் படம் இரண்டு, வீடியோ ஒன்று. மூன்றிலும் அந்த ஓரத்தின்மேல் அவருடைய கட்டைவிரல். ஒரு தடவை என்றால் தற்செயல்.

மசியும் காட்டிக்கொடுத்தது. உள்ளே இருக்கும் தட்டு வருடக்கணக்காக உரசி, உறையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு தேய்மானத் தடம் விழும், மேல்பூச்சு போய் வெள்ளை அட்டை தெரியும். கையெழுத்தின் ஒரு கோடு அந்தத் தடத்தைக் கடக்கிறது. பூச்சு இருக்கும் இடத்தில் மசி பளபளவென்று மேலே நிற்கிறது. வெள்ளைத் தடத்தில் நார் நாராக ஊறிப் பரவியிருக்கிறது. கையெழுத்து முந்தி, தேய்மானம் பிந்தி என்றால் மசியும் கூடவே தேய்ந்திருக்க வேண்டும். தேய்ந்து முடிந்த உறையில் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

தாத்தாவின் அழைப்பிதழ் இன்னும் கேவலம். 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் கறுப்பு எழுத்தெல்லாம் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாக உதிர்கிறது. அந்தக் கால அச்சில் எழுத்து ஒரே மசியில், முழுக் கறுப்பாக விழும். இது ஸ்கேன் செய்து பிரிண்டரில் எடுத்தது. நடுவில் நான்காக மடித்த தடம் தெரிகிறது. விரல் வைத்துத் தடவினால் மடிப்பே இல்லை, மடிப்பின் படம்.

இனி பஞ்சாயத்து. விற்பவரிடம் முதல் நாள்: "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா சார்?" இல்லை. "அப்ப கூரியர்ல உடைஞ்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?" பசையைப் படம் எடுத்து அனுப்பினால் பதில் இல்லை. இரண்டாம் நாள் பின்கோடு பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் எனக்கு எப்படி சார் தெரியும், தாத்தா குடுத்தது அப்படியே உங்களுக்குக் குடுத்தேன். பழைய பொருள், உள்ளது உள்ளபடிதான்." மூன்று மில் ஊசி தெரிந்தவருக்குப் பின்கோடு தெரியாதாம். நாதஸ்வரம் பற்றிக் கேட்டதும் சிரிக்கும் பொம்மை ஒன்று வந்தது. நான்காம் நாள் என் எண்ணையே முடக்கிவிட்டார்.

செயலியின் கஸ்டமர் கேரில் முதலில் இயந்திரம் பேசியது, பிறகு இயந்திரம் மாதிரி ஒரு ஆள். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்." மூன்று முறை புகார், மூன்று முறையும் ஒரே வரி: பணம் செயலிக்கு வெளியே போனதால் எங்கள் பாதுகாப்பில் வராது. அந்த ஆளின் கணக்கையாவது முடக்குங்கள் என்றால், "பரிசீலிக்கிறோம்." கூரியரில், உடையும் பொருளுக்குக் காப்பீடு எடுக்கவில்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை. வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், எங்கள் தவறு எதுவுமில்லை. நேற்று மாலை வங்கியின் எழுத்துப் பூர்வ பதிலும் வந்தது, அதே வாக்கியம். 38,500 ரூபாயை நான்கு பேர் பந்து மாதிரி தட்டி விளையாடுகிறார்கள், நாலு பேருக்கும் கை வலிக்கவில்லை.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, அதனால் தோன்றும் வரிசையில்.

உறையின் நான்கு ஓரமும், நான்கு மூலையும், விரல் இல்லாமல் படம் கேளுங்கள். தராவிட்டால் வாங்காதீர்கள்.

எம்.எஸ். சம்பந்தப்பட்ட உறை என்றால் தேதியைப் பட்டங்களோடு வைத்துப் பாருங்கள். சங்கீத கலாநிதி 1968, பத்ம விபூஷண் 1975, பாரத ரத்னா 1998. உறையில் இவை இருந்தால் அதற்கு முந்தைய கையெழுத்து பொய். ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்பது சென்னை ஆனது 1996, ஆங்கிலத்தில் 'சென்னை' என்று அச்சான உறைக்கும் இதே கணக்குதான்.

புற ஊதா டார்ச் வாங்கச் சொல்லி ஒரு கூட்டம் இருக்கிறது. 1930-களின் 78 காகித உறை நீலமாக ஒளிர்ந்தால் அது போலி, அதுவரை சரி. 1966 காகிதத்துக்கு அது உதவாது, அப்போதே வெண்மையூட்டி கலந்த காகிதம் வந்துவிட்டது.

ஓட்டிக் காட்டும் வீடியோ வேண்டாம். நேரலை அழைப்பில், நீங்கள் சொல்லும் இடத்தில் ஊசியை வைக்கச் சொல்லுங்கள்.

78 என்றால் தட்டைவிடப் பெரிய இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, பெட்டிக்குள் பெட்டி. எல்.பி. தட்டை உறைக்கு வெளியே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உறையின் ஒட்டிய ஓரம் கிழியும். பார்சலைக் கத்தி வைப்பதிலிருந்து வீடியோ எடுங்கள்.

செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். இரண்டாயிரம் இல்லை, இருபதாயிரம் குறைத்தாலும்.

நுகர்வோர் உதவி எண் 1915, புகார் போட்டிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, அதற்கும் காகிதம் தயார் செய்துகொண்டிருக்கிறேன். பணம் போனதும் கூப்பிட வேண்டியது சைபர் குற்ற உதவி எண் 1930, அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள், பணம் அந்தக் கணக்கில் இருக்கும்போதே. நான் கூப்பிட்டது பதினோராம் நாள்.