கஞ்சாத் தடையும் உடலுரிமையும்: இரு நீதிமன்றங்கள், இரு விடைகள்

ஆளுமையைத் தடையின்றி வளர்த்துக்கொள்ளும் உரிமை என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு பார்த்தும், கஞ்சாத் தடை குறித்து ஜெர்மனியும் மெக்சிகோவும் எதிரெதிர் முடிவுக்கு வந்தன. 1994இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், போதை கொள்வதற்கென்று தனி உரிமை கிடையாது எனக் கூறித் தடையை ஏற்றது. எனினும், எப்போதாவது சொந்தப் பயனுக்காகச் சிறிதளவு வைத்திருப்போர் மீது அரசு வழக்கறிஞர்கள் பொதுவாக வழக்குத் தொடராமல் விட வேண்டும் என்றது. 2015இல் மெக்சிகோ உச்ச நீதிமன்றமோ, எதை உட்கொள்வது என்பது வயதுவந்தவரின் சொந்த முடிவு என்றும், உடல்நலத்தைக் காக்க முழுத் தடை தேவைக்கு மிஞ்சியது என்றும் தீர்ப்பளித்தது. எனக்கு மெக்சிகோவின் தர்க்கமே வலுவாகப் படுகிறது. செயலைக் குற்றமாகவே வைத்துக்கொண்டு தண்டனையை மட்டும் தளர்த்தினால், குடிமகனின் உரிமை அரசு வழக்கறிஞரின் தயவாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் மெக்சிகோ தீர்ப்பும் விற்பனைக்கு இடம்தரவில்லை. சொந்தப் பயனுக்கு வளர்ப்பதும் வைத்திருப்பதுமே அதன் எல்லை.