அப்பாவுக்கு வாங்குன பிபி மெஷின்: கஃப் (கைல சுத்துற பட்டை) அளவ பாத்து வாங்குங்க

மதுரை பெரியாஸ்பத்திரி பக்கம் பனகல் ரோட்டுல ஒரு சர்ஜிகல் கடைல வாங்குனது, 2,100 ரூபா. பட்டன அமுக்குனா அதுவே காத்தடிச்சு நம்பர் காட்டும், ஆறு மாசமா ஒரு மக்கர் பண்ணல, மெஷின்ல எனக்கு கொறையே இல்ல. ஆனா யாருக்கு வாங்குறீங்க, அவுக கை எப்புடினு கடைல ஒரு வார்த்த கேக்கல, எனக்கும் அப்ப தெரியாது.

அப்பா மேலூர்ல ரைஸ் மில்லுல முப்பது வருசம் மூட்டை தூக்குன ஆளு, மேல்கை சுத்தளவு 36 செ.மீ. பெட்டில வந்த கஃப்புல 22-32னுதான் அச்சடிச்சிருக்கு. இழுத்து இழுத்து ஒட்டுவோம், பாதில டர்ருனு பிரிஞ்சுக்கும், பிரியாம நின்னா 150க்கு மேலதான் காட்டும். அம்மா ஒரு வாரம் சரியா தூங்கல.

அப்புறம் தேடி படிச்சேன். 2023ல அமெரிக்கால ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 195 பேருக்கு சைஸ் மாத்தி மாத்தி கட்டி பாத்துருக்காங்க, லார்ஜ் தேவைப்படுற கைக்கு சாதா கஃப் கட்டுனா மேல் நம்பர் சராசரியா 5 கூடுதலா காட்டுது, அதவிட பெரிய கைன்னா கிட்டத்தட்ட 20 கூடுது. 2024ல அங்கயே இன்னொன்னு, கைய மடில வச்சு பாத்தா 4 கூடும், தொங்கப்போட்டா 6க்கும் மேல. எங்கப்பா மடிலதான் வச்சுக்கிருந்தாரு, ரெண்டு தப்பும் சேந்தே நடந்துருக்கு!

அதே கடைல போயி லார்ஜ் கஃப் தனியா 650 குடுத்து வாங்குனேன். இப்ப காலைல ஒண்ணுக்கு போயிட்டு வந்து, சேர்ல நல்லா சாஞ்சு, ரெண்டு காலும் தரைல பதிய வச்சு, மேசைல தலகாணி போட்டு கைய நெஞ்சு ஒசரத்துக்கு வச்சு, அஞ்சு நிமிசம் பேசாம இருந்துட்டுதான் பாக்குறது, ஒரு நிமிசம் விட்டு இன்னொரு தடவ. 140க்கு பக்கத்துல நிக்குது. வீட்டுல பாத்தா 135/85க்குள்ள இருக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு, அதனால மாத்திரைய நாங்களா நிறுத்தல, ஆனா நம்பர எழுதி வச்ச நோட்ட பாத்துட்டு டோஸ் கூட்ட வேண்டாம்னுட்டாரு. அம்மா அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்குனாங்க.

மெஷினுக்கு நாலு ஸ்டார். வாங்க போறவங்க வீட்டுலயே தையல் டேப்பால மேல்கைய அளந்து எழுதிக்கிட்டு போங்க. கடைக்காரவுகளும் கவுண்டர்ல ஒரு டேப்ப வைங்க, அந்த ரோட்டுக்கு ஊர்நாட்டுல இருந்து பஸ்ஸேறி வர்றவங்கதான் நெறைய, திரும்ப ஒருக்கா வந்து கஃப் மாத்துறதுக்கு அவுகளுக்கு ஒரு நாள் கூலி போயிரும்.