கராஜ் வேலை பிழைத்தால் எங்கே போவது? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் வாகனம் வைத்திருப்பவர்களுக்குத் திருத்தவேலை இரண்டு விதமாகப் பிழைக்கிறது. ஒன்று உடனே தெரிந்துவிடும்: ஹெட் கஸ்கற் மாற்றிய எஞ்சின், கொழும்புக்குப் புறப்பட்ட அன்றே கந்தளாயைத் தாண்டுமுன் சூடேறி நின்றுவிடும். மற்றையது மெல்ல வரும்: கறள் பிடித்த தகட்டை வெட்டி எடுக்காமல் மேலே புட்டி பூசிப் பெயின்ற் அடித்த கதவு, மாரிமழையும் உப்புக்காற்றும் ஒரு சுற்று வந்துபோன பிறகுதான் கொப்புளிக்கத் தொடங்கும். கராஜுடன் வழக்காடும் வழிகளை ஒப்பிடும்போது செலவையும் அலைச்சலையுமே பலரும் கணக்கில் எடுக்கிறார்கள். பிழை எப்போது வெளித்தெரிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வேலை செய்த பாஸிடமே, அதாவது திருத்துநரிடமே, திரும்பிப் போவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதில் தவறில்லை, செலவும் இல்லை, முகமும் முறியாது. ஆனால் என் வானின் பக்கக் கதவுக்குக் கீழே கொப்புளம் எழுந்தபோது எனக்குக் கிடைத்த பதில், "உப்புக்காத்து அண்ணன், அதுக்கு நான் என்ன செய்ய?" என்பதுதான். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே கதவில் இறுகப் பிடித்த காந்தம், கீழ்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு எங்கேயும் நிற்காமல் வழுக்கி விழுந்தது. அங்கே காந்தத்துக்கு எட்டும் ஆழத்தில் தகடே இல்லை, புட்டிதான் இருந்தது. காற்றின் மேல் பழி போட முடியாத சான்று அது. இருந்தும் "அடுத்த கிழமை கொண்டாங்க" என்ற வார்த்தையை நம்பி நான் கழித்த கிழமைகள் கொஞ்சமல்ல.

அந்தக் கிழமைகளின் விலை இரண்டாவது வழியில் தெரியவரும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, பொருட்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பொறுப்பானது. சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்படும், அதற்குப் பயன்படுத்திய பொருட்கள் தகுதியானவையாக இருக்கும் என்ற உத்தரவாதம், பில்லில் ஒரு வரிகூட எழுதாவிட்டாலும் உண்டென்றே அந்தச் சட்டம் கொள்கிறது. விசாரணையின் பின் நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கட்டளையிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. கட்டளையை மீறினால் நீதவான் நீதிமன்றம் மூலம் தொகையை அறவிட முடியும். இங்கே ஒப்பிடும் வழிகளில் நீதிமன்றத்துக்கு வெளியே பல் உள்ள வழி இது ஒன்றுதான். ஆனால் உத்தரவாதத்தை மீறிய சேவை பற்றிய முறைப்பாடு, சேவை வழங்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்த தொலைபேசி அழைப்பு மட்டும் போதுமென்று இருந்துவிடக் கூடாது.

ஆகவே சூடேறும் எஞ்சினுக்கும், பிடிக்காத பிரேக்குக்கும், மாற்றியதாகச் சொல்லி மாற்றாமல் விட்ட உதிரிப்பாகத்துக்கும் இந்த வழியையே முதலில் வைப்பேன். புரட்டாதியில் டிங்கரிங் (தகட்டு வேலை) செய்து, தையில் கொப்புளம் கண்டவருக்கோ கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும். இந்த ஊரின் காலநிலைக்குச் சட்டத்தின் மூன்று மாதம் பொருந்தவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு.

மெல்லத் தெரியும் பிழைக்கு ஏற்றது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. நீங்களும் கராஜ்காரரும் நேரில் வந்து உட்கார வேண்டும். பெரும்பாலும் வார இறுதியில், ஒரு பாடசாலை வகுப்பறையில், மூன்று மத்தியஸ்தர்களுக்கு முன்னால் நடக்கும் பேச்சு அது. தீர்ப்புச் சொல்லவும், வராதவரை இழுத்துவரவும், ஒத்துக்கொண்ட பணத்தை அறவிடவும் சபைக்கு அதிகாரம் இல்லை. இதைக் காட்டியே பலர் அதை ஒதுக்குகிறார்கள், நான் ஒதுக்கமாட்டேன். உவர்மலையில் இருப்பவரும் உப்புவெளியில் இருப்பவரும் நாளைக்கு அநுராதபுரச் சந்தியில் ஒருவரையொருவர் காணத்தான் போகிறார்கள். கராஜ் வாசலில் சத்தம் போட்டு மறுத்த மனிதர், மத்தியஸ்தராக இருந்த, ஊரறிந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவருக்கு முன்னால் காந்தம் வழுக்கி விழுவதைப் பார்த்தபோது குரலைத் தாழ்த்தினார். தவிரவும், சட்டம் குறிப்பிடும் தொகைக்கு உட்பட்ட பிணக்கென்றால், இணக்கம் ஏற்படவில்லை என்று சபை தரும் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. எப்படியும் ஏற வேண்டிய படிதான்.

நீதிமன்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எஞ்சினே போய்விட்டது, நட்டம் பல இலட்சம் என்றாலொழிய, சட்டத்தரணிக்குக் கொடுப்பதும் தவணைக்கு அலைவதும் கட்டுபடியாகாது. பொலிஸில் முறைப்பாடு போடுவதும் பொதுவாக வீண். மோசடியோ மிரட்டலோ இல்லாதபோது இது சிவில் விடயம் என்று சொல்லி மத்தியஸ்த சபைக்கே அனுப்புவார்கள்.

இன்னும் இரண்டு தவறான வழிகள் உண்டு. வாகனம் கராஜுக்குள் நிற்கும்போதே பணம் தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பது ஒன்று. நம் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தில், செய்த வேலைக்குரிய பணம் வரும்வரை வாகனத்தைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமை திருத்துநருக்கு உண்டு. பணத்தைக் கட்டி, வேலையில் திருப்தியில்லை என்று பில்லின் பிரதியிலும் வட்ஸ்அப்பிலும் அன்றைக்கே எழுதிவைப்பது இதைவிடப் பயன் தரும். மற்றையது, கோபத்தில் வாகனத்தை நேரே வேறொரு பாஸிடம் கொண்டுபோய்க் கழற்றுவது. கழற்றியபின் எந்தப் பிழை யாருடையது என்று பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். வேறு வழியில்லையென்றால், கழற்றுமுன் படம் எடுத்து, கண்ட குறையை இரண்டாமவரிடம் எழுத்தில் வாங்கி, கழற்றிய பாகங்களைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

என் விடயம் மத்தியஸ்த சபையின் இரண்டாவது அமர்வில் முடிந்தது. கறள் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டுவது அவர் செலவு, பெயின்ற் என் செலவு. பெயின்றுக்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் இணக்கப் பத்திரத்தில் சேர்க்கச் சொன்னேன். கூப்பிட்டார், காந்தத்தோடு போனேன்.