ஃபேஸ்புக் கணக்கை அழிக்கும் வசதி: வாசல் இருக்கிறது, படிதான் வழுக்குகிறது

ஃபேஸ்புக்கை விடலாமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் இங்கே இல்லை. விடுவதென்று முடிவெடுத்தவருக்கு அந்த நிறுவனம் வைத்திருக்கும் வாசல் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. அழிக்கும் பொத்தான் ஒழுங்காகவே வேலை செய்கிறது. அதற்கு முன் நம் பதிவுகளையும் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளச் செய்ய வேண்டிய பதிவிறக்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது, அதிலும் தமிழில் எழுதிவந்தவரை.

வழி ஆழத்தில் இருக்கிறது. மொரிஷியஸில் செயலியைப் பிரெஞ்சில் வைத்திருந்தால் 'எஸ்பாஸ் கோம்த்', ஆங்கிலத்தில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்'. அதற்குள் தனிப்பட்ட விவரங்கள், அதற்குள் கணக்கின் உரிமையும் கட்டுப்பாடும், அப்புறம்தான் முடக்கமா அழிப்பா என்று கேட்கும் திரை. இன்ஸ்டாகிராமும் இணைந்திருந்தால் அந்தக் கணக்கும் அதே பட்டியலில் நிற்கும். எதைத் தொடுகிறோம் என்று இருமுறை பாருங்கள். முடக்கம் என்பது கடையை மூடுவதல்ல, ஷட்டரை இறக்குவது. மெசஞ்சர் ஓடிக்கொண்டே இருக்கலாம். வேறொரு செயலியில் ஃபேஸ்புக் மூலம் உள்நுழைந்தாலே கணக்கு திறந்துகொள்ளும்.

மொரிஷியஸின் பழைய கணக்குகளுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2013 செப்டம்பரில் மொபைல் எண்களுக்கு முன்னால் 5 சேர்ந்து 7 இலக்கம் 8 ஆனது. அதற்கு முன் கணக்குத் தொடங்கி எண்ணை மாற்றாமலே விட்டவர் கடவுச்சொல்லை மறந்திருந்தால், சரிபார்ப்புக் குறியீடு இப்போது புழக்கத்திலேயே இல்லாத பழைய எண்ணுக்குப் போகும். அழிக்கும்போது கடவுச்சொல் கேட்பார்கள். ஆகவே போனில் உள்நுழைந்த நிலையில் இருக்கும்போதே புதிய எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுவது முதல் வேலை.

அடுத்து பதிவிறக்கம். 'எல்லாம் கிடைக்கும்' என்று நம்பி பொத்தானை அழுத்தினால் பாதிதான் வரும். கால வரம்பை 'தொடக்கம் முதல்' என்று நாமே மாற்ற வேண்டும். படத்தின் தரத்தையும் 'உயர்' என்று மாற்ற வேண்டும். அப்படியே விட்டால் நடுத்தரத்தில் சுருங்கி வரும். கோப்பு தயாரானதும் எடுக்க 4 நாள்தான் அவகாசம், பிறகு மறுபடி விண்ணப்பம். பல ஜிப் கோப்புகளாக வரலாம், ஒன்றை விட்டாலும் சில ஆல்பம் காணாமல் போகும். மொபைல் டேட்டாவை நம்பாமல் வீட்டு ஃபைபரில் இறக்குங்கள்.

வடிவம் இரண்டு: உலாவியில் வலைப்பக்கம்போலத் திறக்கும் எச்டிஎம்எல், நிரல்கள் படிப்பதற்கான ஜேசன். கண்ணை மூடிக்கொண்டு எச்டிஎம்எல் எடுங்கள். ஜேசன் வடிவத்தில் பல ஆண்டுகளாகத் திருத்தப்படாத ஒரு பிழை இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஏற்றுமதி செய்யும்போது ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எழுதிவைக்கிறார்கள். 'காவடி' என்ற சொல்லில் க, கால், வ, ட, இகரச் சுழி என்று 5 குறிகள். கோப்பில் அது 15 துண்டுகளாகக் கிடக்கும், மும்மூன்றாய், ஒவ்வொரு மூன்றின் தலையிலும் கோடு போட்ட பிரெஞ்சு 'அ' (à) ஒன்று நிற்கும். (பிரெஞ்சில் எழுதியவர்களும் தப்பவில்லை, அவர்களுக்கு கோடோ குறியோ சேர்ந்த எழுத்து இரண்டாக உடையும்.) எதுவும் அழியவில்லை. உடைந்த வரியை லத்தீன்-1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்துமுறையில் பைட்டாக்கி, அதை யூடிஎஃப்-8 என்று படித்தால் தமிழ் திரும்பிவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரியை எழுதத் தெரியாதவர்தான் பெரும்பாலோர்.

படங்களில் இன்னொரு ஏமாற்றம். எடுத்த தேதி, இடம் முதலிய விவரங்களைப் பதிவேற்றும்போதே ஃபேஸ்புக் உரித்துவிடுகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய தைப்பூசப் படம் போன் கேலரியில் இன்று எடுத்ததுபோல் மேலே வந்து உட்காரும். எச்டிஎம்எல் பக்கத்தில் படத்தின் அடியில் பதிவேற்றிய தேதி இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். மற்றவர்கள் போட்டு உங்களை டேக் செய்த படங்கள் வரவே வராது, கேட்டு வாங்குங்கள். 2023 டிசம்பருக்குப் பின் மெசஞ்சரில் இயல்பாகவே மறையாக்கம் (பேசுகிற இருவர் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டு) வந்துவிட்டதால் அந்த உரையாடல்களுக்கு மெசஞ்சர் அமைப்புகளில் தனிப் பதிவிறக்கம். அதைத் திறக்கும் ரகசிய எண்ணை (PIN) மறந்தவருக்கு அது கிடைப்பது கஷ்டம்.

கோவில் பக்கத்தையோ சங்கத்தின் பக்கத்தையோ ஒரே ஆளாக நடத்துகிறவர் இதைப் படிக்காமல் போக வேண்டாம். முழுக் கட்டுப்பாடு உங்களிடம் மட்டும் இருந்தால், உங்கள் கணக்கோடு அந்தப் பக்கமும் போய்விடும்: கொடியேற்ற அறிவிப்பு, நேரலை, அன்னதானப் படங்கள் எல்லாம். இன்னொருவருக்கு முழுக் கட்டுப்பாடு கொடுத்து, அவர் ஏற்றுக்கொண்டாரா என்று பார்த்தபிறகே கிளம்புங்கள். அழைப்பு அனுப்பியது மட்டும் போதாது. குழுக்கள் அப்படியல்ல, நிர்வாகி போனாலும் குழு இருக்கும். தலையில்லாமல் இருக்கும், அவ்வளவுதான்.

ஃபேஸ்புக் வழியாக உள்நுழையும் விளையாட்டு, கடை, பாட்டுச் செயலிகளின் பட்டியல் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' பகுதியில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் முடிந்தபின் அழிப்பது இரண்டு நிமிடம். 30 நாளுக்குள் உள்நுழைந்து ரத்து செய்யலாம், அதன்பின் முடியாது. சர்வர்களிலிருந்து முழுக்கத் துடைக்க 90 நாள் வரை ஆகும் என்று நிறுவனமே சொல்கிறது. நீங்கள் அனுப்பிய செய்திகள் அடுத்தவர் இன்பாக்ஸில் பெயரிழந்து அப்படியே கிடக்கும், அதை எந்தப் பொத்தானும் தொடாது. அந்த 30 நாளும் வீட்டிலுள்ள பழைய டேப்லெட், மடிக்கணினி எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, உலாவியில் சேமித்த கடவுச்சொல்லையும் எடுத்துவிடுங்கள். கார்ட்டூன் பார்க்க டேப்லெட்டை எடுக்கும் பேரப்பிள்ளை, ரத்து செய்யவா என்று திரை கேட்டால் யோசிக்காமல் சரி என்று தட்டிவிடும்.