பழங்கிரேக்க அகராதியும் ஒரு சந்தும்: பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

என் பழங்கிரேக்க அகராதி நேற்றுதான் பைண்டிங் கடையிலிருந்து வந்தது. தையல் உறுதியாக இருக்கிறது. ஆனால் ஓரத்தை வெட்டியதில் 'லௌரா' என்ற சொல்லுக்கு அருகே நான் பென்சிலால் எழுதியிருந்த குறிப்பில் பாதி போய்விட்டது. கிரேக்கம் படிக்கத் தொடங்கியிருக்கும் தோழி, "இதை வாங்கலாமா?" என்று கேட்டிருக்கும் நேரம் பார்த்து இப்படி.

வினைவடிவங்களில் இந்த அகராதி என்னை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. மேற்கோளுக்கு அடி எண்ணும் தரும். ஆனால் லௌராவுக்கு அது கொடுப்பது ஒரே வரி: "சந்து, இடைவழி, கழிப்பிடம்."

ஹோமரின் காவியமான ஒடிசியின் 22ஆம் பகுதியை இதை நம்பித்தான் படித்தேன். தன் மனைவி பெனலப்பியை மணக்க வந்து குவிந்தவர்களை ஒடிசியஸ் மாளிகைக்குள் வைத்து வீழ்த்துகிறான். சுவரில் ஒரு பக்கக் கதவு, அதன் வழியே லௌரா. பன்றி மேய்க்கும் யூமையஸை அங்கே காவல் நிறுத்துகிறான். அந்த வழியே வெளியேறி ஊரைக் கூட்டலாம் என்று எதிரிகளில் ஒருவன் சொல்ல, அவர்கள் பக்கம் சேர்ந்த ஆடு மேய்க்கும் மெலாந்தியஸ் மறுக்கிறான்: சந்தின் வாய் பொல்லாதது, வலுவான ஒருவன் நின்றால் அத்தனை பேரையும் தடுத்துவிடுவான். அவர்களை உள்ளே சிக்கவைப்பதே அந்தக் குறுகல்! 'சந்து' என்று படித்துக் கடந்துபோன எனக்கு அது இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது.

'கழிப்பிடம்' எங்கிருந்து வந்தது? ஏதென்ஸின் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸ் கி.மு. 421இல் அரங்கேற்றிய 'அமைதி' நாடகத்தில் ஒருவன் சாணவண்டின் மேலேறி வானத்துக்குப் பறக்கிறான். நாற்றம் வண்டைக் கீழே இழுத்துவிடும் என்று அஞ்சி, கக்கூசுகளையும் லௌராக்களையும் புதுச் செங்கல்லால் அடைக்கச் சொல்கிறான். ஏதென்ஸின் சந்துகள் நாறிய நாற்றம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

பிற்காலத்தில் இதே சொல், 'லாவ்ரா' என்ற உச்சரிப்பில், துறவிகளின் தனித்தனிக் குடில்கள் சேர்ந்த மடத்துக்குப் பெயரானது. எருசலேமுக்குத் தென்கிழக்கே கிதரோன் பள்ளத்தாக்கில் புனித சபாஸ் 483இல் நிறுவியது அப்படி ஒன்று. கிரேக்கத்தின் ஆதோஸ் மலையில் 963இல் எழுந்த மடத்துக்கும் 'பெரிய லாவ்ரா' என்றே பெயர். வாரநாளெல்லாம் தனிமை, வார இறுதியில் பொது வழிபாடு என்பது பழைய லாவ்ராக்களின் வழக்கம். அகராதியில் இதைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. செவ்வியல் காலத்தோடு நிற்கும் அகராதி என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், "பிற்காலத்தில் மடம்" என்று இரண்டு சொல் போட இடமா இல்லை? என் பென்சில் குறிப்பில் அதுதான் இருந்தது.

வாங்க வேண்டாம் என்று தோழிக்குச் சொல்லிவிட்டேன். வினைவடிவங்களுக்கு என் பிரதியையே எடுத்துக்கொண்டு போகட்டும்.