சிலிக்காவா, மெக்னீசியம் ஆக்சைடா: பாலிஎத்திலீன் மின்காப்புக்கு எந்தத் துகள்?

2035ஆம் ஆண்டுக்குள் 6 கிகாவாட் குறைந்த கரிம மின்சாரத்தை வெளிநாடுகளிலிருந்து பெறச் சிங்கப்பூர் இலக்கு வகுத்திருக்கிறது. நெடுந்தொலைவுக் கடலடி வழிகளுக்கு நேர்மின்னோட்டக் கம்பிவடங்களே பொருத்தமானவை. மாறுமின்னோட்டத்தில் வினாடிக்கு நூறு முறை துருவம் மாறுவதால் காப்புறைக்குள் மின்னூட்டம் தேங்க நேரம் கிடைப்பதில்லை. நேர்மின்னோட்டத்திலோ அது காப்புறையான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்குக்குள் மெல்ல மெல்லச் சேர்ந்து, ஓரிடத்தில் மின்புலத்தை அளவுக்கு மீறி உயர்த்தி, முறிவுக்கு, அதாவது காப்புறையைத் துளைத்து மின்சாரம் பாய்வதற்கு, வழிவகுக்கிறது. மிக நுண்ணிய கனிமத் துகள்களை எடையில் சில விழுக்காடு கலந்தால், அவற்றின் மேற்பரப்பில் மின்னூட்டம் சிக்கி நகர முடியாமல் போகிறது. தேக்கமும் கசிவும் குறைகின்றன.

எந்தத் துகளைக் கலப்பது என்ற முடிவை ஜூரோங்கிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் எடுக்க வேண்டியிருந்தது. டைட்டானியம் டைஆக்சைடை உடனே விலக்கினேன். மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு முனைவுறும் என்பதைக் காட்டும் ஒப்பு விடுதிறன் பாலிஎத்திலீனுக்கு ஏறத்தாழ 2.3, ரூட்டைல் என்ற படிக வகை டைட்டானியம் டைஆக்சைடுக்கோ அது 100ஐ ஒட்டி வரும். அவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தால் துகளைச் சுற்றி மின்புலம் குவியும். சேர்க்கும் அளவு சொற்பம் என்பதால் விலையைப் பெரிதாகக் கருதவில்லை. எஞ்சியவை மெக்னீசியம் ஆக்சைடும் சிலிக்காவும்.

மெக்னீசியம் ஆக்சைடின் பெருமை உண்மையானது. நன்கு பூச்சிட்டுச் சீராகப் பரப்பிய அத்துகள்கள், குறை அடர்த்திப் பாலிஎத்திலீனின் நேர்மின் கடத்துதிறனை நூறில் ஒரு பங்காகக் குறைத்ததை ஸ்வீடன் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆயினும் நான் மேற்பரப்பில் சிலேன் என்ற சிலிக்கான் சேர்மம் பூசிய சிலிக்காவைத்தான் தேர்ந்தெடுத்தேன். காரணம் ஈரம்.

இத்தகைய சிலிக்காவின் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 200 சதுர மீட்டர் மேற்பரப்பு உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீடுகள் இரண்டின் பரப்பைவிட அது அதிகம். மின்னூட்டத்தைப் பிடிப்பது அந்தப் பரப்புதான். நீரைப் பிடிப்பதும் அதுவேதான். துகளைச் சுற்றி நீர்ப்படலம் உண்டானால் கடத்துதிறன் ஏறிவிடும், துகள் சேர்த்த பயன் முழுவதும் வீணாகும். இங்கு ஆண்டுச் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். டிசம்பர் மழையில் ஒருநாள் பூச்சிடாத மெக்னீசியம் ஆக்சைடைத் தராசில் வைத்தேன். திரையின் கடைசி இலக்கம் நிற்கவே இல்லை. அருகிலிருந்த மூத்த தொழில்நுட்பர், "தம்பி, மூடியப் போடுங்க, எண் ஏறிக்கிட்டே போகுது பாருங்க" என்றார்.

ஒட்டிய நீரை வெற்றிட அடுப்பு வெளியேற்றிவிடும். ஆனால் மெக்னீசியம் ஆக்சைடு நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகவும் மாறுகிறது. அதை மீட்க 350 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். பாலிஎத்திலீனோ 110 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். எனவே கலப்பதற்கு முன்பே தூளைச் சுட்டு, ஈரம் படாமல் பூச்சிட்டு, அப்படியே காப்பாற்ற வேண்டும். ஒரு படியில் தவறினாலும் பின்னால் திருத்த வழியில்லை. சிலிக்காவின் மேற்பரப்பிலும் நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. எட்டுக் கார்பன் தொடருள்ள சிலேன் அவற்றில் பெரும்பகுதியை மூடிவிடுகிறது. அந்தத் தொடர் பாலிஎத்திலீனோடு இணக்கமாகவும் இருப்பதால் துகள்கள் திரள்வது குறைகிறது. பூச்சிடாத தூளைக் கலந்து அழுத்திய பாலிஎத்திலீன் படலத்தை விளக்கொளியில் பிடித்தால் திரள்கள் ஊசிமுனையளவு வெண்புள்ளிகளாகத் தெரிந்தன; முறிவுச் சோதனையில் துளை விழுந்தது பெரும்பாலும் அவற்றின் ஓரத்தில்தான்.

இரண்டையும் சம எடையில் ஒப்பிடுவது நியாயமன்று என்பதையும் சொல்ல வேண்டும். எடையில் 2 விழுக்காடு என்பது கனஅளவில் மெக்னீசியம் ஆக்சைடுக்கு ஏறத்தாழ 0.5, சிலிக்காவுக்கு 0.85 விழுக்காடு. என் தொடக்க அளவீடுகளில் இதைக் கவனிக்காததால், சிலிக்காவுக்கு ஓரளவு சாதகம் கிடைத்திருக்கும்.

என் அனுபவம் 0.2 மில்லிமீட்டர்ப் படலங்களோடு நிற்கிறது. முழுக் கம்பிவடத்தையோ, பல ஆண்டு முதுமையாக்கலையோ நான் சோதித்ததில்லை. கம்பிவடத்துக்காகப் பாலிஎத்திலீன் தொடர்களை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குப் பிணைப்பின்போது, அதற்குச் சேர்க்கும் பெராக்சைடு விட்டுச்செல்லும் துணைப்பொருள்களும் மின்னூட்டத் தேக்கத்தை மாற்றும். அங்கு என் தேர்வு நிலைக்குமா என்று உறுதி கூற மாட்டேன். ஈரம் நீக்கிய அறையும் உலையும் உள்ளவர்கள் மெக்னீசியம் ஆக்சைடை எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் கூடத்தில் அவை இல்லை. பூச்சிட்ட சிலிக்காவையும் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, உலர்கலனில் வைத்து, ஒரு கலவைக்கு ஒன்று என்றே திறக்கிறோம்.